‘எனக் கூறப்படுகிறது’ எங்கே போயிற்று?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு செய்தியைக் கொடுத்து, “இதை ஒரு பத்தியில் சுருக்கி எழுதுங்கள்” என்றால், பெரும்பாலானவர்கள் முதல் இரண்டு பத்திகளை அப்படியே எடுத்து எழுதிவிடுவார்கள். சோம்பேறித்தனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஒரு மாணவி என்னிடம் நேராகவே கேட்டாள்: “முதல் பத்தியிலயே அவங்களே சுருக்கி வெச்சிருக்காங்களே மிஸ், அப்புறம் நாங்க எதைச் சுருக்கறது?”

நல்ல கேள்வி. செய்தி எழுதும் முறையே அப்படித்தான். என்ன நடந்தது, எங்கே, எப்போது, யார் என்பதெல்லாம் மேலே வந்துவிடும். கீழே போகப் போக முக்கியத்துவம் குறையும். தலைகீழ்ப் பிரமிடு என்று இதைச் சொல்வார்கள். இடம் போதாமல் கடைசிப் பத்திகளை வெட்டினாலும் செய்தி நிற்கும். அப்படியிருக்க, முதல் பத்தியை எடுத்து எழுதிய பிள்ளையிடம் “இது தப்பு” என்று மட்டும் சொன்னால் அவளுக்கு எதுவும் விளங்காது. அந்த முதல் பத்தியில் எது இல்லை என்று காட்ட வேண்டும்.

அதற்கு நான் ஒவ்வொரு வருடமும் எடுத்துக்கொள்வது சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் மாட்டிக்கொண்ட செய்தி. 2021 மார்ச் 23 அன்று அந்தக் கப்பல் தரைதட்டிக் கால்வாயின் குறுக்கே நின்றது. மார்ச் 29 அன்று மிதந்தது. அந்த நாட்களில் வந்த தகவல்களை வைத்து, மீட்கப்பட்ட நாளில் வெளியாகும் செய்தியைப்போல ஒன்றரைப் பக்கத்துக்கு நானே எழுதி வைத்திருக்கிறேன். முதல் பத்தியில் அன்றைய புதுச் செய்தி மட்டும்தான் இருக்கும்: கப்பல் மிதக்கத் தொடங்கிவிட்டது, இழுவைப் படகுகள் ஹாரன் அடித்துக் கொண்டாடின. எப்படி மாட்டியது, எத்தனை நாள் நின்றது, அதனால் யாருக்கு என்ன பாதிப்பு என்பதெல்லாம் கீழே ஏழாவது, எட்டாவது பத்திகளில் கிடக்கும். ஒரு வாரமாகத் தொடர்ந்து படித்தவருக்கு முதல் பத்தி போதும். இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறவருக்குப் போதாது. நம் சுருக்கத்தை வாசிக்கப்போகிறவர் இந்த இரண்டாவது ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். பிள்ளைகள் அதற்குப் பிறகு கீழேயும் தேட ஆரம்பிக்கிறார்கள்.

ஆனால் கீழே தேடப் போனால் அங்கே வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. அங்கே இருப்பதெல்லாம் சுவையான விவரங்கள். 400 மீட்டர் நீளமான அந்த ராட்சசக் கப்பலின் முன்பகுதிக்கு அருகே ஒரே ஒரு மண்தோண்டும் இயந்திரம் நின்று தோண்டிக்கொண்டிருந்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது. கால்நடைகளை ஏற்றி வந்த கப்பல்களும் வரிசையில் மாட்டிக்கொண்டன. சில கப்பல்கள் காத்திருக்காமல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. பிள்ளைகளுக்கு இதில் எதையும் விட மனசு வராது. குறிப்பாக அந்த ஆடுமாடுகளை. “பாவம் மிஸ், அதுங்களுக்குத் தண்ணி இருந்துதா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். செய்தியை உண்மையிலேயே வாசித்த பிள்ளைதான் அப்படிக் கேட்க முடியும். ஆனாலும் நூறு வார்த்தைச் சுருக்கத்தில் அந்த ஆடுமாடுகளுக்கு இடமில்லை. அதை விடுவதற்குக் காரணம் அது சுவையாக இருப்பது அல்ல. அதை எடுத்துவிட்டாலும் செய்தி மாறாது என்பதால் விடுகிறோம். இதை அவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால், சுருக்கம் என்றாலே நல்லதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுச் சப்பென்று எழுதுவது என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு விவரத்திடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கச் சொல்கிறேன். இது இல்லாவிட்டால் வாசிப்பவருக்குச் செய்தி தப்பாகப் புரியுமா, அல்லது ஏன் இது செய்தி என்பதே புரியாமல் போகுமா? இரண்டில் ஒன்று நடக்கும் என்றால் வைத்துக்கொள்ள வேண்டும். உலக வணிகத்தில் ஏறத்தாழ 12 சதவீதம் அந்தக் கால்வாய் வழியாகப் போகிறது என்ற வரி செய்தியில் ஒன்பதாவது பத்தியில் இருக்கும். பிள்ளைகளில் பாதிப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் அந்த வரி இல்லாமல் ஒரு கப்பல் மணலில் மாட்டியது உலகச் செய்தி ஆனதற்குக் காரணமே கிடையாது. பத்தி எண்ணை வைத்து முக்கியத்துவத்தை அளக்கக் கூடாது என்பதை நான் விளக்கிப் புரியவைத்ததைவிட இந்த ஒரு வரி நன்றாகப் புரியவைத்திருக்கிறது.

கடைசியில் வகுப்பாகச் சேர்ந்து ஒரு பத்தியை உருவாக்குவோம். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் மாறும், ஆனால் ஏறக்குறைய இப்படி வந்து நிற்கும்:

“சூயஸ் கால்வாயில் 2021 மார்ச் 23 அன்று தரைதட்டிக் குறுக்கே நின்ற எவர் கிவன் என்ற சரக்குக் கப்பல் மார்ச் 29 அன்று மீட்கப்பட்டது. 400 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் வழியை அடைத்ததால் 400க்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்திருக்க நேர்ந்தது. உலக வணிகத்தில் ஏறத்தாழ 12 சதவீதம் இந்தக் கால்வாய் வழியாக நடப்பதால், பல நாடுகளுக்குச் சரக்குப் போய்ச் சேர்வது தாமதமானது. கரையோர மணலைத் தோண்டி அகற்றியும் இழுவைப் படகுகளால் இழுத்தும், பௌர்ணமியையொட்டி நீர்மட்டம் உயர்ந்த நேரத்தில் கப்பலை மிதக்கவைத்தனர். பலத்த காற்றே விபத்துக்குக் காரணம் என முதலில் கூறப்பட்டது, விசாரணை நடந்துவருகிறது.”

இதில் கடைசி வாக்கியத்துக்காகத்தான் நான் அதிக நேரம் போராடுவேன். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் வாக்கிய அமைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

சுருக்கச் சொன்னதும் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் கோக்கப் பார்ப்பார்கள். தமிழில் அது மிகவும் சுலபம். வினையெச்சத்தைப் போட்டுக்கொண்டே போனால் வாக்கியம் முடியவே முடியாது. “கப்பல் தரைதட்டி, கால்வாய் அடைபட்டு, கப்பல்கள் காத்திருந்து, மணல் தோண்டப்பட்டு, பௌர்ணமி வந்து மீட்கப்பட்டது.” வார்த்தை எண்ணிக்கை குறைவுதான். ஆனால் மீட்கப்பட்டது எது? இலக்கண வகுப்பில் எச்சம், முற்று என்று மனப்பாடம் செய்த அதே பிள்ளைகள்தான் இதை எழுதுகிறார்கள். எச்சமும் அதை முடிக்கும் வினையும் ஒரே எழுவாய்க்கு உரியவையாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால், இலக்கணத்துக்கு ஒரு பயன் இருக்கிறது என்று அங்கேதான் முதன்முதலாகத் தெரிகிறது. எழுவாய் மாறினால் வாக்கியத்தை முடித்துவிடு, அடுத்ததைத் தொடங்கு. ஐந்தாறு சிறு வாக்கியங்கள் போதும். எதனால் எது நடந்தது என்பதைக் காட்டுகிற இடத்தில் மட்டும் ‘ஆல்’, ‘அதனால்’, ‘என்றாலும்’ வரட்டும்.

எடுத்து எழுதுவதைத் தவிர்க்க நான் செய்வது மிகச் சாதாரணமான வேலை. செய்தியை ஒருமுறை முழுதாக, பென்சில் இல்லாமல் வாசிக்க வேண்டும். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்ல வேண்டும். வாயால் சொல்லும்போது யாரும் “மீட்புப் பணிகள் முடுக்கிவிடப்பட்டுள்ளன” என்று சொல்வதில்லை. “எல்லாரும் சேர்ந்து தோண்டியிருக்காங்க” என்றுதான் வரும். அதை எழுத்து நடைக்கு மாற்றி எழுதினால் அது அவர்களுடைய வாக்கியம். அதற்கப்புறம்தான் தாளைத் திருப்பி, பெயர், தேதி, எண் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்கும் வேலையை விட்டுவிட்டால் இந்த முறையே ஆபத்து. நினைவிலிருந்து எழுதும்போது மார்ச் 29 சுலபமாக 26 ஆகிவிடும்.

எல்லாச் சொல்லையும் மாற்றியாக வேண்டும் என்று ஒரு வெறி சிலருக்கு வந்துவிடும். அது வேண்டாம். கப்பல் தரைதட்டியது என்றால் தரைதட்டியதுதான். ‘மூழ்கியது’ என்று மாற்றி எழுதினால் வேறு செய்தி. துறைச் சொல், பதவிப் பெயர், இடப்பெயர் எல்லாம் அப்படியே வரலாம். வாக்கியம் மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும்.

எண்களைப் பற்றி. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளில் வேண்டுமென்றே மோதியது. அந்தச் சிறுகோள் தன்னைவிடப் பெரிய இன்னொன்றை 11 மணி 55 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிக்கொண்டிருந்தது. மோதலுக்குப் பின் அது 11 மணி 23 நிமிடமாகக் குறைந்தது. குறைந்தபட்சம் 73 வினாடி மாறினாலே வெற்றி என்று வைத்திருந்தார்கள். மாறியதோ 32 நிமிடம். இந்தச் செய்தியில் விண்கலத்தின் எடை, வேகம், தூரம் என்று எண்களாகக் கொட்டிக்கிடக்கும். பிள்ளைகள் பெரிய எண்ணைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், ஒரு கோடியே பத்து லட்சம் கிலோமீட்டர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் இந்தச் செய்திக்கு உயிர் அந்த 32 நிமிடம்தான். அதையும் தனியாக எழுதினால் ஒன்றும் விளங்காது. எதிலிருந்து எதற்கு என்று கூடவே சொல்ல வேண்டும். ஓர் எண்ணை வைத்தால் அதற்குப் பொருள் கொடுக்கும் இன்னோர் எண்ணையும் வைக்க வேண்டிவரும். அதனால் நூறு வார்த்தைக்கு இரண்டு மூன்று எண்களுக்கு மேல் தாங்காது.

இதே செய்தியில்தான் எனக்கு மிகவும் கவலை தரும் பிழையும் வரும். “பூமியை மோத வந்த விண்கல்லைத் திசைதிருப்பி நாசா உலகத்தைக் காப்பாற்றியது” என்று குறைந்தது நான்கைந்து பேராவது எழுதிவிடுவார்கள். டைமார்ஃபஸால் பூமிக்கு ஆபத்து எதுவும் இருந்ததில்லை. அது ஒரு சோதனை. செய்தியிலும் அது தெளிவாகவே இருக்கும். ஆனால் படங்களில் பார்த்த கதை ஒன்று மனதில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. செய்தியை அந்தக் கதைக்குள் போட்டு எழுதிவிடுகிறார்கள். வாசித்ததை எழுதவில்லை, எதிர்பார்த்ததை எழுதுகிறார்கள். பெரியவர்களும் இதைத்தான் செய்கிறோம். குடும்பக் குழுக்களில் சுற்றும் பாதிச் செய்திகள் இப்படித்தான் உருமாறுகின்றன. அதனால்தான் இது எனக்கு வெறும் மதிப்பெண் விஷயமாகத் தெரிவதில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேராக, செய்தியில் அது எந்தப் பத்தியிலிருந்து வந்தது என்று ஓரத்தில் எண் போடச் சொல்கிறேன். “காப்பாற்றியது” என்பதற்கு எண் போட முடியாமல் பேனா நிற்கும். நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

சரி, கப்பல் பத்தியின் அந்தக் கடைசி வாக்கியத்துக்கு, ‘என முதலில் கூறப்பட்டது’ என்பதற்கு வருகிறேன்.

தமிழ்ச் செய்திகளில் ஒரு வாக்கியம் எவ்வளவு உறுதியானது என்பது அதன் வாலில்தான் இருக்கும். ‘எனக் கூறப்படுகிறது’, ‘எனத் தெரிகிறது’, ‘என்று போலீசார் தெரிவித்தனர்’, ‘இருக்கலாம் என நம்பப்படுகிறது’. சுருக்க உட்கார்ந்ததும் பிள்ளைகள் முதலில் வெட்டுவது அந்த வாலைத்தான். அவர்கள் கண்ணுக்கு அது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் சொல். அதை வெட்டியதும் ஒருவர் சொன்ன குற்றச்சாட்டு நடந்த உண்மை ஆகிவிடும். சந்தேகம் தீர்ப்பு ஆகிவிடும். “பணத்தை அவர் எடுத்ததாகக் கூறப்படுகிறது” என்பது “பணத்தை அவர் எடுத்தார்” என்று வந்து நிற்கும். ஒரு சொல் மிச்சம் பிடித்து ஒரு மனிதரைத் திருடராக்கியிருக்கிறோம். வேறு எந்தப் பிழையையும் நான் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு விடுவேன். இதற்கு மட்டும் தாளைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்வேன்.

அறிவியல், உடல்நலச் செய்திகளிலும் இதே கதைதான். 2015 அக்டோபர் 26 அன்று, உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை, பதப்படுத்தப்பட்ட இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவில் இருக்கிறது. உடனே புகையிலைக்குச் சமமான ஆபத்து என்று தலைப்புகள் வந்தன. ஆனால் அந்தப் பிரிவு சொல்வது ஆதாரம் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கொடுத்த கணக்கு. அதே அறிவிப்பில் பதப்படுத்தாத சிவப்பு இறைச்சியை அதற்கு அடுத்த பிரிவில், ‘அநேகமாக உண்டாக்கக்கூடும்’ என்ற இடத்தில்தான் வைத்தார்கள். இந்தத் தகவல்களை வைத்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால், வந்து சேரும் சுருக்கம்: “இறைச்சி சாப்பிட்டால் புற்றுநோய் வரும்.” அதில் ‘பதப்படுத்தப்பட்ட’ இல்லை, ‘தினமும்’ இல்லை, ‘வாய்ப்பு கூடும்’ இல்லை. இந்தச் சின்னச் சொற்களை எடுத்துவிட்டு மீதி எல்லாவற்றையும் சரியாக எழுதியிருந்தாலும் பயனில்லை.

எனவே எந்தச் செய்தியைக் கொடுத்தாலும், சுருக்கத் தொடங்கும் முன் அந்த வால்களுக்கெல்லாம் கீழே கோடு போடச் சொல்கிறேன். யார் சொன்னது, எவ்வளவு உறுதியாகச் சொன்னார். உரையாடல் மேற்கோள்களை வெட்டலாம், அடைமொழிகளை வெட்டலாம், பழைய வரலாற்றை வெட்டலாம். கோடு போட்டதை வெட்டக் கூடாது, வேண்டுமானால் குறுக்கலாம். “தெரிவிக்கப்பட்டுள்ளதாகத் தெரிகிறது” என்பதை “என்கிறார்கள்” என்று எழுதட்டும், மகிழ்ச்சி.

இன்னொரு வழக்கம், நம் கட்டுரைப் பயிற்சியிலிருந்து வருவது. எதை எழுதினாலும் முடிவுரை வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம். அதனால் கப்பல் செய்தியின் சுருக்கத்திலும் கடைசியாக, “எனவே நாமும் விடாமுயற்சியோடு செயல்பட வேண்டும்” என்று ஒரு வரி வந்து உட்கார்ந்துவிடும். அதை அடித்துவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைக்கு ஏதோ தோன்றியிருக்கிறது; அது வேண்டும். அதனால் ஒரு வரி இடம் விட்டு, கீழே தனியாக ‘எனக்குத் தோன்றியது’ என்று தலைப்பிட்டு எழுதச் சொல்கிறேன். மேலே செய்தி, கீழே நீ. இந்த ஒரு வரி இடைவெளியைப் பழகிக்கொண்ட பிள்ளைகள், பிறகு தலையங்கம் வாசிக்கும்போது எங்கே தகவல் முடிந்து எங்கே கருத்து தொடங்குகிறது என்று தாமாகவே காட்டுகிறார்கள்.

தலைப்பைச் செய்தியிலிருந்து கத்தரித்துவிட்டுத்தான் கொடுப்பேன். தலைப்பு இருந்தால் அதையே சுற்றி எழுதுவார்கள். செய்தியை எழுதியவரே தலைப்பையும் வைத்திருக்க வேண்டும் என்பதில்லை, பெரும்பாலும் உதவி ஆசிரியர்தான் வைப்பார் என்று சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். சுருக்கம் முடிந்தபின் அவர்களே தலைப்பு வைத்து, உண்மைத் தலைப்போடு ஒப்பிடுவோம்.

இப்போது பலர் வீட்டில் கணினியிடம் கொடுத்தே சுருக்கி வாங்கிவிடுகிறார்கள். அதைத் தடுப்பதைவிட, அந்தச் சுருக்கத்தையும் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லி, ஓரத்தில் பத்தி எண் போடும் அதே வேலையை அதற்கும் செய்யவைக்கிறேன். வால் போயிருக்கிறதா, எண் மாறியிருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவருக்கு யார் எழுதிய சுருக்கமும் ஒன்றுதான்.

திருத்தும்போது என்னை நம்பி இருக்கவும் கூடாது. நான் செய்தியை வாசித்தவள். விட்டுப்போனதை என் மனமே நிரப்பிக்கொள்ளும். அதனால் இரண்டு குழுக்களுக்கு இரண்டு வேறு செய்திகள் கொடுத்து, தாள்களை மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். செய்தியை வாசிக்காதவர் சுருக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு, தனக்குப் புரிந்ததைச் சொல்ல வேண்டும். எழுதியவர் குறுக்கே பேசக் கூடாது. “இல்லடா, நான் அப்படிச் சொல்லல” என்று எழுதியவர் துடிக்கும் இடம் எதுவோ, அதுதான் மாற்றி எழுத வேண்டிய இடம்.

ஆண்டின் பிற்பகுதியில் ஒரே நிகழ்வைப் பற்றி இரண்டு தேதிகளில் வந்த தகவல்களைக் கொடுத்து ஒரே பத்தி எழுதச் சொல்கிறேன். மறுபடியும் அந்தக் கப்பல்தான். ஒன்றில் காத்திருக்கும் கப்பல்கள் 300க்கும் மேல். இரண்டு நாள் கழித்து வந்ததில் 400க்கும் மேல். ஒன்றில் காற்றுதான் காரணம். இன்னொன்றில், காற்று மட்டுமே காரணமாக இருக்க முடியாது, தொழில்நுட்பக் கோளாறோ மனிதத் தவறோ இருந்திருக்கலாம் என்கிறார் கால்வாய் ஆணையத்தின் தலைவர். “எது மிஸ் சரி?” என்பார்கள். எதையும் தூக்கிப் போட வேண்டாம், எந்தத் தேதியில் யார் சொன்னது என்று சேர்த்து எழுதுங்கள் என்பேன். நூறு வார்த்தை போதாது என்று புகார் வரும். அதற்கு மட்டும் நூற்றிருபது தருகிறேன்.